அத்தையின் மூக்கும் என் காபி பிஸ்கோத்தும்

"ஏத்தா, அடுப்புல ஏதோ பிடிக்குது பாரு!"

திண்ணையில் உட்கார்ந்தபடியே என் மாமியார் இப்படிக் குரல் கொடுத்தால், அடுப்படியில் நிச்சயம் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று அர்த்தம். கன்னிவாடிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தக் குரல்தான் எனக்குப் பரீட்சை மார்க். ரசத்தில் பெருங்காயம் குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தயிர் ஒரு மணி நேரம் கூடுதலாகப் புளித்தால் தெரிந்துவிடும். புளியைக் கரைக்கும்போதே, "போன வருஷத்துப் புளியா?" என்று கேட்பார். 'நாய் மூக்கு' என்று நான் மனசுக்குள் திட்டியதுண்டு. அத்தை இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பேரன் படித்துக் காட்டிவிட்டாலும் பரவாயில்லை. அந்த மூக்கைப் பற்றி எங்களுக்குள் இப்போது ஒளிவுமறைவு எதுவும் கிடையாது.

எங்கள் ஊரை ஒட்டினாற்போல் எழுந்து நிற்கிறது பழனிமலைத் தொடரின் கீழ்மலை. தருமத்துப்பட்டி வழியாக மேலே ஏறினால் பன்றிமலை, ஆடலூர், அதற்கும் அப்பால் தாண்டிக்குடி. சில்வர் ஓக் மர நிழலில் காபிச்செடி, மரத்தைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடி, இடையிடையே ஏலம், ஆரஞ்சு, மலைவாழை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் பழம் பறிக்க ஆரம்பிப்பார்கள். காபிக்கொட்டை பச்சையாக இருக்கும்போது காபி வாசனை துளிக்கூட இருக்காது என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரியும். வறுத்தால்தான் அது காபி. எங்கள் வீட்டில் வறுக்கிற உத்தியோகம் அத்தைக்கு மட்டும்தான். இரும்புச் சட்டியில் போட்டுக் கிண்டுவார், நிறத்தைப் பார்க்கமாட்டார், மூக்கை மட்டும் நம்பி இறக்குவார். ஒருநாளும் கருகியதில்லை.

அந்தக் காபிப் பொடியைப் போட்டு நான் செய்கிற பிஸ்கோத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1845-இல் மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அமெரிக்க மிஷனரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள் அல்லவா? அந்த வழியில் வந்த வெள்ளைக்காரர் வீடுகளில் அவனும் கேக்கும் பிஸ்கோத்தும் சாதாரணம். என் சித்தி அப்படிப்பட்ட ஒரு பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தவர். அங்கே கற்றுக்கொண்டு வந்ததுதான் 'ஷார்ட்பிரெட்' என்ற ஸ்காட்லாந்துப் பலகாரம். பிரெட் என்று பெயரே தவிர, ரொட்டி அல்ல. வாயில் போட்டால் மணல் மணலாக உதிர்ந்து கரையும் வெண்ணெய் பிஸ்கோத்து. நம் பேக்கரிகளில் விற்கும் நான்கட்டாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ப சோடா, ஈஸ்ட் எதுவும் கிடையாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று சித்தி விரலை மடக்கிச் சொல்வார். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. எல்லாம் எடைக் கணக்கு, படிக் கணக்கு அல்ல.

2019-இல் அத்தைக்குக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முறுக்கு, சீடை எதுவும் முடியாது. ஈறாலேயே மென்றுவிடலாம் என்றுதான் இந்தப் பிஸ்கோத்தைச் செய்ய ஆரம்பித்தேன். ஏலமும் சுக்கும் கிராம்பும் சேர்த்தது அவர் நாக்குக்காக. காபிப் பொடி சேர்த்தது என் யோசனை. "வெள்ளக்காரன் பலகாரம்! வெண்ணெயைப் பூரா இப்படிக் கொட்டுனா வீடு உருப்படுமா?" என்பார். சொல்லிக்கொண்டே நாலு தின்பார்.

2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம். அத்தைக்கு இரண்டு நாள் ஜுரத்தோடு போயிற்று. எனக்கு ஜுரமும் இருமலும் பத்து நாளில் விட்டன. ஆனால் ஐந்தாம் நாளே காபிப் பொடி டின்னைத் திறந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. மண்ணை முகர்ந்த மாதிரி இருந்தது. மண்ணுக்காவது ஒரு மணம் உண்டே! மல்லிகைப்பூ, சாம்பிராணி, தைலம், பூண்டு, எதுவும் இல்லை. சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் சரியானது. எனக்கு ஆகவில்லை.

மூக்கு போனால் நாக்கும் போய்விடும் என்பது அப்போதுதான் புரிந்தது. நாக்குக்குத் தனியாகத் தெரிவதெல்லாம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச்சாறு, காளான் போன்றவற்றின் ஒரு ருசி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். சந்தேகமிருந்தால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள். விரலை எடுத்த க்ஷணத்தில்தான் அது ஏலக்காய் என்று தெரியும். எனக்கு விரலை எடுக்க வழியில்லாமல் போயிற்று. சாம்பார் வெறும் உப்புத் தண்ணீர். சோறு பஞ்சு.

சமையலில் உப்பு கூடியது. இரண்டு நாள் குழம்பை நல்ல குழம்பு என்று நினைத்துப் பையனுக்குப் போட்டேன், தட்டைப் பிடுங்கி அத்தை கொட்டினார். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், எனக்கென்று இந்த வீட்டில் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் கைமணம். "உன் மருமக கைமணம்" என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாரே ஒழிய மறுத்துப் பேசமாட்டார். அதுவும் போய்விட்டது என்று ராத்திரியில் அழுதிருக்கிறேன். கை கால் விழுந்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். மூக்கு போனதை யாரிடம் சொல்லி அழுவது?

ஜூன் மாதத்தில் ஒரு காலை. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. வழிந்ததைத் துடைத்துவிட்டு, இட்லிச் சட்டியைப் பக்கத்து அடுப்பில் வைத்து லைட்டரைக் கையில் எடுத்தேன்.

"ஏத்தா! தொடாத! காஸு! காஸு!"

முழங்கால் வலியால் எழுந்து நிற்கவே இரண்டு நிமிஷம் எடுக்கிற அத்தை, எப்படி அத்தனை வேகமாக வந்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. லைட்டரைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். பிறகு இரண்டு பேரும் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். எனக்குக் கை நடுங்கியது. அவருக்கும்தான்.

சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படிந்து நிற்கும். சகோதரிகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: காஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வீட்டில் மூக்கு மந்தமானவர், வயதானவர் யாராவது தனியாகச் சமைத்தால், வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்துங்கள்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார். மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்பு அணுக்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி பெரும்பாலும் அவற்றைத் தாங்கிப் போஷிக்கிற பக்கத்து அணுக்களைத்தான் கெடுக்கிறது. நரம்பு அணுக்கள் மறுபடி முளைக்கக் கூடியவை, ஆனால் காலம் பிடிக்கும். மாத்திரையைவிடப் பயிற்சி முக்கியம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி முகர வேண்டும், முகரும்போது அந்த வாசனையை மனசில் நினைத்துப் பார்க்க வேண்டும், குறைந்தது 12 வாரம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை இது.

மருந்துக் கடைக்கே போக வேண்டியிருக்கவில்லை. கிராம்பு அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. எலுமிச்சை கொல்லையில். யூகலிப்டஸ் தைலம் கொடைக்கானல் போனவர்கள் வாங்கி வந்தது. ரோஜா நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகிறவர் கொடுத்தார். நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். ஒவ்வொரு நாளும் முகர்ந்து, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் 'இல்லை, இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதி வைப்பேன். தாள் தாளாக 'இல்லை'.

ஆடி மாதத்தில் ஒருநாள் அத்தை, "அந்தப் பிஸ்கோத்து சுட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிஸ்கோத்துக்கு மூக்கு வேண்டும். வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். அதைச் சொன்னேன். "அதுக்கு நான் இருக்கேன்ல?" என்று முக்காலியை இழுத்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அவன் கிடையாது. பழைய பிரஷர் குக்கரில்தான் சுடுவேன். காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சுத்தமான ஆற்றுமணலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிஷம் காய வைத்து, மணல் மேல் ஒரு வளையம் வைத்து அதன்மேல் நெய் தடவிய தட்டு. மூடிவிட்டுத் தீயைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு அத்தையின் வர்ணனை, நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

"இப்ப வெண்ணெ உருகுற வாடை." பன்னிரண்டு நிமிஷம்.

"ஏலக்கா வந்துருச்சு. கிராம்பு பின்னாடி வருது." பதினெட்டு.

"இப்ப மாவு வறுபடுது. பொரிகடலை வறுக்குற மாதிரி." இருபத்தாறு.

"காபி வந்துருச்சு. இன்னும் கொஞ்சம்… கொஞ்சம்… போதும், எடு!" முப்பத்து நாலு.

ஒரு பிஸ்கோத்து சுடுவதற்குள் இத்தனை வாசனை வரிசையாக வந்து போகிறது என்பது வாசனை தெரிந்த காலத்தில் எனக்குத் தெரியாது. அன்று தின்றபோது எனக்கு இனிப்பும், கொஞ்சம் கசப்பும், உதிர்கிற சத்தமும்தான் கிடைத்தன. அத்தை கண்ணை மூடிக்கொண்டு தின்றார். "ஒரு குத்தமும் இல்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு மூக்கு போக வேண்டியிருந்தது!

செப்டம்பரில் வாசனை வந்தது. வந்ததே கோணலாக வந்தது. காலையில் டிகாக்ஷன் இறங்கும்போது எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது. குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வெங்காயம் வதக்கினாலும் அதே கதி, முட்டை, பூண்டு எல்லாமே. ஆனால் காபிதான் கொடுமை. டாக்டரிடம் கேட்டபோது, "பயப்படாதீங்க, நரம்பு மறுபடி முளைக்கும்போது நிறையப் பேருக்கு இப்படி ஆகும்" என்றார். பிற்பாடு 2022-இல் இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், காபியில் உள்ள கந்தகம் சேர்ந்த ஒரு பொருள்தான் இந்தக் கோளாறுக்காரர்களுக்கு முக்கியமாக நாறுகிறது என்று கண்டுபிடித்தார்களாம். மற்றவர்களுக்கு எது காபி மணமோ அதுவே எனக்குச் சாக்கடை. காபி விளைகிற மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு இது என்ன தலையெழுத்து!

அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பாக்கினார். வறுப்பது அங்கே, டிகாக்ஷன் போடுவது அங்கே, குடிப்பதும் அங்கேயே. மழை பெய்தால் மாட்டுத் தொழுவத்து ஓரத்தில் நின்று குடிப்பார். ஒருநாளைக்கு மூன்று வேளை காபி இல்லாவிட்டால் தலைவலிக்கிற மனுஷி. பல மாதம் வீட்டுக்குள் காபி டம்ளர் வரவே இல்லை. "உள்ள வாங்க அத்தை, நான் மாடியில போய் இருக்கேன்" என்றேன். "இங்கதான் காத்து வருது" என்றார்.

சூடான பதார்த்தத்தில் வாசனை அதிகம் கிளம்பும், ஆறவைத்துச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்துதான் எனக்கு ஒரு யோசனை. டம்ளர் காபியில் ஆவியோடு வருகிற நாற்றம், ஆறிப்போன பிஸ்கோத்துக்குள் இருந்தால் அவ்வளவு வராதல்லவா? 2022 பொங்கலுக்கு ஒரு ஈடு செய்தேன், காபிப் பொடி கால் தேக்கரண்டி மட்டும். மூக்கைச் சுளித்துக்கொண்டு தின்றேன், தின்ன முடிந்தது. மாசி மாதம் அரைத் தேக்கரண்டி. அது தாங்கவில்லை, மறுபடி கால். பங்குனியில் மறுபடி அரை. இதை வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு நானே நடத்திய பரீட்சை, அவ்வளவே. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு ஆடலூர் போயிருந்தோம். கோடை மழை பெய்து காபிச்செடி பூத்திருந்தது. கிளை தெரியாமல் வெள்ளை வெளேரென்று. மல்லிகை மாதிரி மணக்கும். எல்லோரும் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். நான் செடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை.

பிஸ்கோத்தின் செய்முறையைக் கேட்கிற சகோதரிகளுக்காக முழுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். மைதா 250 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சிக்கரி கலக்காத காபிப் பொடியை மெல்லிய துணியில் சலித்து இரண்டு தேக்கரண்டி, ஏலப்பொடி அரை, சுக்குப்பொடி கால், கிராம்பு இரண்டு பொடித்தது. கிராம்பை மட்டும் கூட்டாதீர்கள், பல்வலி மருந்து போலாகிவிடும். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் நல்லது. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் குளிர்ந்த நீரில் மோர் போக அலசி, ஈரத்தைப் பிழிந்துவிட வேண்டும். ஏனென்றால் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் மைதா பரோட்டா மாவு மாதிரி இழுபடும். வெண்ணெய் மட்டும் மாவைச் சுற்றிக்கொண்டால்தான் உதிரும். வெண்ணெயும் சர்க்கரையும் முதலில் குழைத்து, மாவையும் பொடிகளையும் சேர்த்து, விரல் நுனியால் பிசிறி ஒன்று கூட்டினால் போதும், அடித்துப் பிசையக்கூடாது. அரை அங்குல கனத்துக்குத் தட்டி, வில்லை போட்டு, முள்கரண்டியால் குத்தி, அரை மணி குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுச் சுடுங்கள். அவன் உள்ளவர்கள் 160 டிகிரியில் வையுங்கள். வெந்ததும் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று மறுபடி வைத்துவிடாதீர்கள். ஆறினால் இறுகும். சின்னக் குழந்தைகளுக்குக் காபி போடாமல் ஏலம் மட்டும் போட்டுத் தனியாகச் செய்யுங்கள். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் டின்னை உயரத்தில் வைப்பது நல்லது. வெண்ணெயும் சர்க்கரையும் கணக்கைப் பாருங்கள், நானே பயந்துபோய் ஒரு வேளைக்கு இரண்டு என்று சட்டம் போட்டிருக்கிறேன். சட்டத்தை முதலில் மீறுகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 2022 ஜூலையில் ஒரு மத்தியானம். ஈடு ஏற்றிவிட்டு, முப்பத்து நாலு நிமிஷம் இருக்கிறதே என்று கொல்லையில் துணி உலர்த்தப் போனேன். அத்தை திண்ணையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏனோ குக்கரில் மணல் குறைந்துபோயிருந்தது, அது எனக்குத் தெரியாது. ஒரு வேஷ்டியை உதறும்போது, எங்கிருந்தோ ஒரு வாசனை. முதலில் பொரிகடலை. அதற்குப் பின்னால் காபி. நாற்றமில்லை, காபி! அத்தை வறுக்கிற இரும்புச் சட்டிக் காபி. அதற்கும் பின்னால் கருகல்.

வேஷ்டியைக் கல்லில் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்து மூடியைத் தூக்கினால், அடியெல்லாம் கன்னங்கரேல். அந்தக் கருகலை ஆவியோடு மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்றேன்.

"ஏத்தா, அடுப்புல—" என்று திண்ணையிலிருந்து குரல்.

"அணைச்சிட்டேன் அத்தை!"

சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

"கருகினத எங்கிட்டக் குடு. காபியில நனைச்சா ஒண்ணும் தெரியாது."

கொல்லை அடுப்பை மூட்டப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, அடுப்படியிலேயே பில்டரில் பொடியைப் போட்டுக் கொதிநீரை ஊற்றினேன். வாடை லேசாகக் கோணிக்கொண்டுதான் வந்தது. இரண்டு டம்ளர் கலந்தேன். அவருடையது முழுசாக, என்னுடையதில் பாதி.